ஆமைக்கு நீச்சல் தெரியுமா?

“மாமி, ஆமைக்கு நீந்தத் தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கோ!”

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிக் குடியிருப்பு. வாதி, மூன்றாம் மாடியில் இருக்கும் ஒன்பது வயதுப் பையன். பிரதிவாதி, அவனைப் பெற்றவள். இருவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள், ‘இந்த வழக்குக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை’ என்பது போல், தலையையும் காலையும் உள்ளே இழுத்துக் கொண்டு ஓர் ஆமை. உறவுக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கி வந்து பிறந்த நாள் பரிசாகக் கொடுத்தாராம். ஆமை என்றால் ஜலத்தில் இருப்பது. ஆகவே குளியலறை வாளியை நிரப்பி அதில் விட வேண்டும் என்பது பையனின் கட்சி. “வாளியை ஆமைக்குக் கொடுத்துவிட்டு அப்பா எதிலே குளிக்கறது?” என்பது அம்மாவின் கட்சி. அம்மாவுக்கு வாளியைப் பற்றித்தான் கவலை. ஆமையைப் பற்றி அவளுக்கும் சந்தேகமே இல்லை. ஆமைக்காவது, நீச்சல் தெரியாமலாவது!

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள், புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி, ஒவ்வொரு மேட்டின் நடுவிலிருந்தும் நாலாபுறமும் விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை! அதை அந்த வாளியில் விட்டிருந்தால் பொழுது சாய்வதற்குள் அதன் கதை முடிந்திருக்கும்.

குற்றம் பையனுடையதல்ல. பாதிக் குற்றம் நம் பேச்சுத் தமிழினுடையது. தரையில் நடப்பதையும் ஆமை என்கிறோம். குளத்தில் இருப்பதையும் ஆமை என்கிறோம். கடலில் ஆயிரக்கணக்கான மைல் போய் வருவதும் நமக்கு ஆமைதான். போதாக்குறைக்கு, மாலை நாலு மணிக்கு எண்ணெயில் மிதப்பதற்கும் ஆமவடை என்று பெயர் வைத்திருக்கிறோம். குளமும் வயலும் பக்கத்தில் உள்ளவர்கள் இப்படி மொத்தமாகச் சொல்வதில்லை. பாலாமை என்பார்கள், காராமை என்பார்கள், கடற்கரையில் பங்குனி ஆமை என்பார்கள். பட்டணத்தில் குடியேறிய நாம் அந்தப் பெயர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஆகையால் ஒரே வார்த்தையில் பதில் கேட்டால், “காலைப் பார்” என்பதுதான் பதில்.

நட்சத்திர ஆமையின் காலைப் பாருங்கள். குட்டி யானையின் கால் போல உருண்டையாக, தூணாக இருக்கும். விரல்களுக்கு இடையே சவ்வு கிடையாது. ஓடு கவிழ்த்த கிண்ணம் போல உயர்ந்திருக்கும். இது தரையாமை. வறண்ட புதர்க்காட்டிலும் புல்வெளியிலும் மேய்ந்து திரிவதற்காகப் பிறந்தது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் பக்கங்களிலும் இலங்கையிலும் இதன் சொந்த ஊர்கள் இருக்கின்றன. குளத்து ஆமையின் காலில் வாத்தின் காலைப் போலச் சவ்வு உண்டு. ஓடு தட்டையாக இருக்கும். கடலாமைக்கோ கால்களே துடுப்பாகிவிட்டன. தூணை வைத்துக் கொண்டு துடுப்புப் போட முடியுமா?

தரையாமையைத் தண்ணீரில் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அதன் விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றாக ஒட்டிப் போனவை. நமக்கு மூச்சு விடும்போது மார்பு விரிகிறதே, அது ஆமைக்கு முடியாது. கால்களின் அருகே உள்ள தசைகளை அசைத்து அசைத்துத்தான் அது காற்றை இழுத்து விடுகிறது. நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே, வீட்டில் பரண் இருப்பது போல, மேலே இருக்கிறது. அதில் காற்று இருக்கும் வரை கொஞ்ச நேரம் மிதக்கும். கால்களை வீசும். ‘பார், பார், நீந்துகிறது!’ என்று குழந்தைகள் கை தட்டுவது இந்த நேரத்தில்தான். உண்மையில் அது கரையைத் தேடித் தவிக்கிறது. வாளிக்கும் தொட்டிக்கும் கரை ஏது? வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகம் பிடிக்காது. களைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தால் திரும்ப நிமிர முடியாமல் போகலாம். கத்தத் தெரியாத பிராணி. ஆகையால் அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

இதைக் கேட்ட படிப்பாளிகள் சிலர், “அப்படியானால் நடுக்கடல் தீவுகளுக்குத் தரையாமை எப்படிப் போய்ச் சேர்ந்தது?” என்று மடக்குவார்கள். நல்ல கேள்வி. 2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் கிம்பிஜி என்ற இடத்தில், கடலிலிருந்து ஒரு ராட்சதத் தரையாமை மெல்ல நடந்து கரையேறிற்று. கால்களிலெல்லாம் கடற்சிப்பிப் பூச்சிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. உடம்பு மெலிந்து போயிருந்தது. அது அல்டாப்ரா தீவின் இனம். அந்தத் தீவு அங்கிருந்து சுமார் 740 கிலோமீட்டர். பல வாரங்கள் கடலில் இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் அது நீந்தி வரவில்லை. பெரிய உடம்பு, பெரிய நுரையீரல், நீண்ட கழுத்து. அலை இழுத்த பக்கம் கட்டை மாதிரி மிதந்து வந்தது. அந்த இனத்தில் பெரியது ஒன்றைத் தூக்க நாலைந்து ஆட்கள் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் நட்சத்திர ஆமை அதை உதாரணம் காட்டி வாளியில் இறங்க முடியாது.

நீச்சலில் கெட்டிக்காரியான கடலாமையே மூழ்கிச் சாகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த ஆமையானாலும் காற்றுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். மீனுக்கு உள்ள செவுள் அதற்கு இல்லை. 2025 ஜனவரியில் நம் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சு முட்டியதே காரணம் என்றார்கள். 1988 முதல் மாணவர்கள் கூட்டமாக இரவில் பெசன்ட் நகர்க் கரையில் நடந்து, அந்த ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்களே, அவர்களுக்கு அந்த மாதம் எப்படி இருந்திருக்கும்!

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக் கொள்வதே சட்டப்படி குற்றம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2019-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு, வெளிநாட்டு வியாபாரம் அடியோடு கூடாத பிராணிகளின் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிட்டது. நம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஆமைக் குட்டிகள் பிடிபட்ட செய்தி எத்தனை முறை பத்திரிகையில் வந்திருக்கிறது! துணியில் சுற்றி, காலுறைக்குள் திணித்துக் கொண்டு போவார்களாம். நம் வீட்டுக்கு வந்து சேர்வதும் அநேகமாக அதே கூட்டத்தின் கையிலிருந்துதான். ‘தெரியாமல் வாங்கிவிட்டோம்’ என்றால், கிண்டியில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுவது உத்தமம். இருட்டிய பிறகு யாருக்கும் தெரியாமல் கோயில் குளத்தில் போட்டுவிட்டு வருவது அதை விடுவிப்பதல்ல, மூழ்கடிப்பது. மூன்றாம் மாடிக்காரிக்கும் இதையேதான் சொன்னேன். பையன் ஒரு நாள் அழுதான். மறுநாள் அப்பாவோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது என்னவென்றால், ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று பாட்டிமார்கள் சொன்ன அதே தெருக்களில் இன்று ஆமை, அதிர்ஷ்ட தேவதை! சீனத்து வாஸ்து வந்த பிறகு, தட்டில் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடி ஆமையை அதில் வைக்காத கூடம் குறைவு. கண்ணாடி ஆமையை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தண்ணீரில் வைத்திருங்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு உயிருள்ள ஆமையையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கிறார்களே, அங்கேதான் விபரீதம். பாட்டிமார்களின் பழமொழி ஆமைக்கு எவ்வளவோ நல்லது செய்து கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

சட்டப்படி அனுமதி உள்ள வெளிநாட்டுத் தரையாமையை வளர்ப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு: தரையாமைக்கும் தண்ணீர் வேண்டும்; குடிக்க வேண்டும், கால் நனைய வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிறோமே மண் தட்டு, அதைப் போல ஆழமில்லாத, சொரசொரப்பான தட்டு போதும். ஆமை தலையைச் சாதாரணமாக வைத்துக் கொண்டு நிற்கும்போது தண்ணீர் அதன் தாடையைத் தொடக் கூடாது. விளிம்பு தாழ்வாக இருந்து, தானே ஏறி இறங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வைப்பதானால் அந்தக் கால் மணியும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கிறது என்று எழுந்து போவதானால் ஆமையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது மற்றக் கட்சி. கடைகளில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் விற்கிறார்கள். பச்சை நிறம், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, எட்டணாக் காசை விடச் சற்றுப் பெரிய குட்டி. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை அது. இதற்கு நீச்சல் நன்றாகத் தெரியும். ‘அப்பாடா!’ என்று கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவிடுகிறோம். அதுவும் தப்பு. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் உட்கார இடம் வேண்டாமா? ஏறி நின்று உடம்பை உலர்த்தி வெயில் காய ஒரு கல் இல்லாவிட்டால், குட்டி நாளெல்லாம் நீந்திக் களைத்து மூழ்கிவிடும். இதற்குத் தண்ணீர்க் கணக்கு தரையாமைக்கு நேர் எதிர். ஓட்டின் அகலத்தை விட ஆழம் அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், மல்லாந்து விழும் குட்டி புரண்டு நிமிர இடமில்லாமல் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே மூச்சு முட்டிப் போகும்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று. அந்த எட்டணாக் காசு வளர்ந்து ஓரடி நீளத் தட்டாகும். இருபது முப்பது வருஷம் இருக்கும். பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் தொட்டி கழுவுகிற வேலை அம்மாவுக்குத்தான். சலிப்புத் தட்டியதும் ‘குளத்தில் விட்டால் புண்ணியம்’ என்று கிளம்புகிறார்கள். உலகத்தில் மிகுந்த கெடுதல் செய்யும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று விஞ்ஞானிகள் போட்ட பட்டியலில் இந்தச் செங்காது ஆமையும் ஒன்று. நம் குளத்தின் சொந்தப் பிள்ளையான பாலாமையின் இரையையும், வெயில் காயும் படியையும் அது பிடித்துக் கொள்ளும்.

குழந்தைகள் இருக்கும் வீடானால் கை கழுவும் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஆமையின் உடம்பிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக் கூடும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொண்டு வரும். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்துக் கொள்கிறார்கள் என்பதற்காகவே அமெரிக்காவில் 1975-ல், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்கக் கூடாதென்று தடை போட்டார்கள். ஆகவே தொட்டியைச் சமையலறைத் தொட்டிமுற்றத்தில் கழுவாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் நார் அதன் பக்கமே போகக் கூடாது.

இவ்வளவு நேரம் ஆமைக்குத் தண்ணீர் ஆபத்து என்று பேசினோம். ஆமையை வேடிக்கை பார்க்க வரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த வயதில் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாகப் போனால் தானாக வெளியே வர முடியாது. சாணளவு தண்ணீர் போதும். சத்தமும் வராது. 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்துக்கு அதுவே நான்காவது பெரிய காரணமாம். நாம் கடலையும் ஆற்றையும் நினைத்துப் பயப்படுகிறோம். குளியலறையில் ராத்திரியே பிடித்து வைத்த வாளியை நினைப்பதில்லை.

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரியைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாந்து போவீர்கள். அந்தப் பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தியாகராய நகர் எழும்பிவிட்டது. ஏரி போனாலும் தண்ணீர் போகவில்லை. நம் காலடிக்கு வந்துவிட்டது. பழைய வீட்டில் கிணறு, புது வீட்டில் ‘சம்ப்’. லாரித் தண்ணீர் வரும் நாளில் ‘சம்ப்’ மூடியைத் திறந்து குழாயை விடுகிறார்கள். லாரி போனதும் ரசீது, சில்லறை, பக்கத்து வீட்டுக்காரரோடு வாக்குவாதம். மூடி அப்படியே கிடக்கிறது. விளையாடுகிற பிள்ளைக்கு அது தரையில் ஒரு சதுரம்; அவ்வளவுதான். தண்ணீர் வரும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அந்த மூடிக்குப் பக்கத்திலேயே நிற்பது என்று குடியிருப்பில் முறை வைத்துக் கொள்ளுங்கள். மூடிக்குப் பூட்டும் போடுங்கள். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருந்தால் மழைக்கு முன் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள். துரு தின்ற வலை இல்லாததை விட மோசம், ஏனென்றால் அதை நம்பி நாம் குழந்தையை விட்டுவிடுகிறோம்.

மழை என்றதும் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவுக்கு வருகின்றன. கீழ்த்தளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தால், டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றும்போதே ஆமை டப்பாவையும் ஏற்ற வேண்டும். கட்டிலுக்கு அடியில் தூங்கும் தரையாமைக்கு வெள்ளம் வந்தது தெரியாது. வெள்ளத்தில் தெருவோடு மிதந்து வரும் ஆமையைப் பிடித்து வைத்துக் கொள்வதும் வேண்டாம். அது பாலாமையாக இருந்தால் கழுத்து எதிர்பாராத தூரம் நீளும். கடித்தால் கை புண்ணாகும். அதுவும் சட்டம் காக்கும் பிராணிதான்.

கடைசியாக, விபத்து நேர்ந்தே விட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். தண்ணீருக்கடியில் அசையாமல் கிடக்கும் ஆமையைப் பார்த்ததும் ‘போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆமையின் உடம்பு மெள்ள வேலை செய்வது. மூச்சில்லாமல் நம்மை விட வெகுநேரம் தாங்கும். செத்ததென்று ஒதுக்கி வைத்தது, சில மணி நேரம் கழித்துக் கால் அசைத்ததுண்டு. உடனே வெளியே எடுத்து, தலை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். கழுத்தை மெதுவாக வெளியே நீட்டி வைத்து, முன்னங்கால்களை நிதானமாக உள்ளே தள்ளி வெளியே இழுங்கள், துருத்தி மாதிரி. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வடியும். மல்லாக்கப் போடாதீர்கள். உலுக்காதீர்கள். கண்ணைத் திறந்துவிட்டதென்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. நுரையீரலில் தங்கிய தண்ணீர் இரண்டு மூன்று நாளில் சளிக் காய்ச்சலாக மாறும். 1903 முதல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அன்றைக்கே எடுத்துப் போங்கள். உலர்ந்த துண்டில் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போனால் போதும். ‘பாவம், வழியில் தாகமெடுக்குமே’ என்று பெட்டியில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்!